சுற்றிப் போ

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போன் எடுக்கவில்லை, சரி, பிராக்டிஸ் இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியைப் படித்துவிட்டு "ஓகேப்பா" என்பாய்.

உன் ரூம்மேட் அனுப்பிய சாஃப்ட்பால் மேட்ச் வீடியோவைப் பார்த்தோம். பந்தை எடுக்க வந்தவள்மேல் மோதியதற்கு அவுட் கொடுத்த அம்பயரிடம் கையை நீட்டிப் பேசினாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டம்! பிட்சர் கையைவிட்டுப் பந்து போன நொடியில் ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து கிளம்பிவிட்டாய். அம்மாவுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டினேன்.

பி.டி. மாஸ்டரிடம் ரூல் புக் வாங்கிப் படித்தேன். செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட் ஸ்டாப் உன் வழியில் நின்றாள் என்பதுதானே உன் வாதம்? பந்து இல்லாமல் சும்மா மறித்து நின்றிருந்தால் தப்பு அவளுடையது. அவளோ உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்திருந்தாள். அடித்த பந்தை எடுக்க வருபவளுக்குத்தான் அங்கே முதல் உரிமை. தெரியாமல் மோதினாலும் இன்டர்ஃபியரன்ஸ்தான், அதாவது குறுக்கீடு, ஓடுபவள் அவுட். ஃபீல்டர் எறிந்த பந்து என்றால்தான் வேண்டுமென்றே தடுத்தாயா என்று பார்ப்பார்கள். 2024-ல் சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் மேட்சில் த்ரோவை மறித்தார் என்று ஜடேஜாவுக்கு அவுட் கொடுத்தபோது நாம் இருவரும் டிவி முன்னால் கத்தினோமே, அந்தக் கிரிக்கெட் நியாயத்தை இங்கே கொண்டுவராதே.

ஓடும் பாதையைவிட்டு மூன்றடி விலகினால் அவுட் என்று பயந்து நேராகப் போனாயோ? பந்தோடு தொட வருபவளிடம் தப்பிக்க விலகினால்தான் அது. பந்தை எடுப்பவளைச் சுற்றிப் போனால் யாரும் அவுட் கொடுக்க மாட்டார்கள். கோச் சொல்லியிருப்பார், நானும் சொல்கிறேன், சுற்றிப் போ.

தேர்ட் பேஸிலிருந்து ஹோமுக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியதில் டீமுக்கு உன்மேல் வருத்தம் இருக்கும். மோதியதுமே பந்து டெட், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும், அதற்குள் எந்த பேஸைத் தொட்டிருந்தாளோ அங்கேதான் அவள் திரும்ப வேண்டும். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபுள் ப்ளேயைக் கெடுக்கத்தான் மோதினாய் என்று அம்பயர் நினைத்திருந்தால் பேட்டரும் அவுட். அவர் உன்னோடு நிறுத்திக்கொண்டு அவளுக்கு ஃபர்ஸ்ட் பேஸைக் கொடுத்தார். அந்த மனிதரிடமா கையை நீட்டினாய்?

விழுந்த பிறகு நீ எழுந்ததையும் பார்த்தேன். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வலது காலை மட்டும் மடக்கி எழுந்தாய். அதற்குள் குக்கர் விசில் கேட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஐஸ் வைத்தாயா? ஹாஸ்டலில் உன் ரூம் இன்னும் இரண்டாவது மாடியில்தானா?

சித்தி வீட்டில் நிச்சயதார்த்தம் தை மாதம் என்கிறார்கள். வேறு சேதி இல்லை. வேளைக்குச் சாப்பிடு. பந்தை எடுக்க ஆள் வந்தால் சுற்றிப் போ.

சனிக்கிழமை காலை அதே டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன். எனக்கு இடுப்பு வலி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிடு. லோயர் பெர்த்தாகப் பார்த்து எடு.

அப்பா