பகலிலும் இருண்டு கிடக்கும் கோலிகள்: தாராவித் தமிழ் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஊர்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் பொங்கல் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளி ஒன்றில் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பல நாள் பள்ளிக்கு வராதிருந்த மாணவி ஒருத்தியைத் தேடி அவள் வீட்டுக்குப் போனபோது, காலை 11 மணிக்கு ஒற்றை அறை வீடான அந்தக் கோலிக்குள் நுழைந்த எனக்கு எதிரில் நின்றவர் முகம் தெரியவே சிறிது நேரம் பிடித்தது. அவளுடைய பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து, சந்தில் போவோர் வருவோர் கால்களுக்கு ஒதுங்கியபடி, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே உட்கார்ந்தால் கல்லும் அரிசியும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்றார். இட்லி அவிப்பதும் துணி தைப்பதும் பிள்ளைகள் படிப்பதும் இத்தகைய அறைகளுக்குள்தான் நடக்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில் ஓர் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளிச்சம் வரும் திறப்பாக இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 10 அடிக்கு 10 அடி கோலிக்கு அது ஏறத்தாழ 17 சதுர அடி ஆகும். நம் கோலிகளில் மூன்று சுவர்கள் அண்டை வீட்டுச் சுவர்களாகிவிட, நான்காவதில் இருக்கும் கதவும் கை நீட்டினால் எதிர்வீடு தட்டும் குறுகிய சந்தினைப் பார்த்திருக்கிறது. வானத்தைப் பார்த்திருப்பது கூரை மட்டுமே.

அந்தக் கூரை வழியாக வெளிச்சத்தை இறக்கும் எளிய முறை ஒன்றை, பிரேசில் நாட்டின் உபெராபா நகரத்து மெக்கானிக்கான அல்ஃபிரேடோ மோசர், அங்கு மின்தட்டுப்பாடு வாட்டிய காலத்தை ஒட்டி, 2002ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி அளவு குளோரின் பிளீச் ஊற்றி, கூரைத் தகட்டில் துளையிட்டு, மேற்பகுதி வெயிலிலும் மீதி அறைக்குள்ளும் இருக்குமாறு பொருத்திப் பிசினால் அடைப்பதுதான் அவருடைய முறை. வெறும் துளையின் வழியே இறங்கும் வெயில் தரையில் ஒரு வட்டமாக விழுந்து நின்றுவிடும். நீர் நிரம்பிய பாட்டிலுக்குள் புகுந்த ஒளியோ வளைந்தும் உட்சுவர்களில் எதிரொளித்தும் நாலா பக்கமும் சிதறி அறை முழுவதும் பரவும். நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு தரும் அளவுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. 2011ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸில் இல்லாக் டியாஸ் என்பவர் இதையே ஓர் இயக்கமாக்கி, ஏழைக் குடியிருப்புகளின் வீடுகளில் ஏராளமாகப் பொருத்த வழிசெய்தார்.

என் பழைய மாணவர்கள் சிலரோடு சேர்ந்து, என் கோலியிலும் பக்கத்துச் சந்தின் ஒன்பது வீடுகளிலும் இதைப் பொருத்தியிருக்கிறேன். வீட்டுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. முதல் பாட்டிலை நேராகக் கூரைத் தகடான பத்ராவிலேயே துளையிட்டுப் பொருத்தியது என் தவறு. ஆனி மாத மழையில் அது ஒழுகி அந்த வீட்டின் மெத்தை நனைந்தது. பிறகு ஒரு சிறு தகட்டுத் துண்டில் பாட்டிலை முதலில் மாட்டி, சிலிகான் பசையிட்டு, ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, தண்ணீர் ஊற்றிச் சோதித்து, அதன் பின்னரே கூரை மேட்டில் ரிவெட் அடித்தோம். அவை இன்றுவரை ஒழுகவில்லை. மழைக்காலத்தில் கூரை மேல் நீலத் தார்ப்பாய் விரிக்கும் நம் வழக்கம் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது, ஏனெனில் தார்ப்பாய்க்கு அடியில் பாட்டில் குருடாகிவிடுகிறது. பாட்டில் இருக்கும் இடத்தில் தார்ப்பாயை வட்டமாக வெட்டி, அதன் விளிம்பைப் பழைய சைக்கிள் டியூபால் பாட்டிலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிச் சமாளித்தோம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேய்ந்த கூரைகளில் ஆர்வமுள்ள இளைஞர்கள் துளைபோட ஏற விடாதீர்கள். அதை அறுக்கும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. மனிதர் பாரம் தாங்காமல் ஷீட் உடைந்து விழுவதும் உண்டு. அத்தகைய வீடுகளில் ஒரு ஷீட்டை முழுமையாக மாற்றும்போது ஒளி ஊடுருவும் ஃபைபர் ஷீட்டை இடுவதே நல்லது. செலவு கூடும், அதைத்தான் சங்கம் ஏற்க வேண்டும். மேலே இன்னொரு குடும்பம் வாழும் கீழ்க்கோலிகளுக்குப் பாட்டிலால் பயனில்லை. அங்கே சுவருக்கும், மேல்தட்டான போட்மாளாவின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வாசல் வெளிச்சம் இன்னும் சற்று உள்ளே செல்லும். அதற்கு மேல் எதையும் நான் உறுதி கூற மாட்டேன். பாட்டில் காற்றையும் கொண்டுவராது. காற்றோட்டமில்லாத வீட்டில் காசநோய் பரவும் ஆபத்து அப்படியே இருக்கும்.

மறுசீரமைப்பு வரப்போகிறது, இடிபடப்போகும் வீட்டுக்கு எதற்கு இது என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். தாராவி மறுசீரமைப்புக்கு அரசு ஒப்புதல் தந்தது 2004ஆம் ஆண்டில். அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் கல்லூரியும் முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் படித்த காலமெல்லாம் அந்த இருட்டிலேயே கழிந்தது. இன்னும் ஓராண்டுதான் அந்தக் கூரை நிற்கும் என்றாலும் இருநூறு ரூபாயை அதற்குச் செலவிடலாம் என்பதே என் கருத்து.

உங்களிடம் கேட்பது பெரிய தொகை எதுவும் இல்லை. ஒவ்வொரு சங்கமும் துளைபோடும் கருவி, தகடு வெட்டும் கத்தரி, ரிவெட் கருவி, ஏணி ஆகியவற்றை ஒரு முறை வாங்கிப் பொதுவில் வைக்கட்டும். கல்யாணங்களிலும் கோயில் கொடைகளிலும் குவியும் 2 லிட்டர் குளிர்பானப் பாட்டில்களில் நிறமற்றவற்றை மட்டும் கழுவி எடுத்து வைக்கட்டும். வாடகைக் குடும்பங்களுக்காக வீட்டு உரிமையாளரிடம் பேசி ஒப்புதல் வாங்குவது, என்னைப் போன்ற தனி ஆளைவிட, சங்கத்தின் சொல்லுக்கே எளிதில் ஆகும். மழை ஓய்ந்து ஐப்பசி பிறந்ததும் தொடங்கினால் தைப் பொங்கலுக்குள் ஒரு சந்தின் வீடுகளையாவது முடித்துவிடலாம்; பொருத்தும் முறையைக் கற்றுத்தர என் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முடிவெடுக்கும் முன் என் கோலிக்கு ஒரு நாள் நண்பகலில் வாருங்கள். டியூப்லைட்டை அணைத்துக் கதவையும் சாத்திவிட்டு, நீங்கள் கொண்டுவரும் செய்தித்தாளை அந்தப் பாட்டிலின் கீழ் நின்று படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தாராவியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியன்