சிரட்டை உடைத்த சத்தம்

அன்புள்ள அக்கா,

அம்மாவின் ஆட்டைத் திவசம் போன செவ்வாய்க்கிழமை முடிந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். படையல் இலையின் ஓரத்தில் இருந்த கோதுமைமாப் பாணையும் பார்த்தீர்கள். குடும்பக் குழுவில் இரண்டே சொல் போட்டீர்கள்: "இப்பவும் பாணா?"

அதற்குக் கீழே ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் எல்லோரும் வாசித்தார்கள் என்பது தெரிந்தது. போன வருடம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து கீரிமலையால் வந்த அன்றும் இப்படித்தான். நான் ஈர வேட்டியோடு விறாந்தையில் நிற்கிறேன், மாமி, சித்தப்பா ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள். "பாணைத் தீத்தித் தீத்தியே அம்மாவை அனுப்பிப்போட்டாய்" என்றீர்கள். நான் பேசாமல் கிணற்றடிக்குப் போய்விட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் பதில் சொல்வது என்று முடிவெடுக்க எனக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசி நான்கு நாள் நடந்ததை இங்கே எழுதமாட்டேன். காணி விஷயமும் எழுதமாட்டேன். இதைச் சொந்தக்காரர் வாசிப்பார்கள், வாசித்துவிட்டு இரண்டு பேருக்கும் போன் எடுப்பார்கள். அவை நாங்கள் இருவரும் கதைக்க வேண்டியவை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். "அம்மாவுக்கு என்ன சாப்பாடு?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் குரக்கன் புட்டு, அவித்த பயறு, முருங்கையிலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை. மற்றப் பாதி நாட்களில் அம்மா சாப்பிட்டது பாண். கடைப் பாண் இல்லை, நான் வீட்டில் ஆட்டா மாவில் சுட்டது.

அது எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியாது. சீனி வருத்தம் கூடிவிட்டது, பாணை விடச் சொல்லி டொக்டர் சொன்னதும் அம்மா உடனே விட்டார். ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆனால் பின்னேரம் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது, எங்கிருந்தாலும் எழும்பிப் படலையடிக்கு வருவார். மதிலில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஓட்டோ தாண்டிப் போனபிறகு உள்ளே போவார். இதை நான் மூன்று மாதம் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நடப்பதைக் கனடாவில் ஸ்காபரோவிலிருந்து பார்க்க முடியாது, அது உங்கள் பிழை இல்லை. ஆனால் பார்த்தவன் நான்தான், அக்கா.

முதலில் ஈஸ்ட் போட்டுச் செய்து பார்த்தேன். ஆட்டா மாவில் தவிடு இருக்கிறது. மாவைப் பிசையும்போது பசை நார் நாராக இழுபட்டால்தான் காற்று உள்ளே நிற்கும், தவிட்டுத் துகள் அந்த நாரைக் கத்திபோல அறுத்துவிடும். வெள்ளை மாவுக்கு விடுகிற அளவு தண்ணீர் அதற்குப் போதவும் போதாது. என் முதல் நான்கு பாணும் அம்மிக்குழவிதான். அம்மா அதையும் தேத்தண்ணியில் ஊறவைத்துச் சாப்பிட்டார், எனக்கு அழுகை வந்தது. பிறகு நீங்கள் காசு அனுப்பி வாங்கிய ஓவனில், ஈஸ்டை விட்டுவிட்டு அப்பச்சோடாவும் மோரும் சேர்த்துச் செய்யப் பழகினேன். பிசையத் தேவையில்லை, பொங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மோரின் புளிப்புப் பட்டவுடனேயே சோடா காபனீரொட்சைட்டை விடத் தொடங்கிவிடும், அது அடங்கமுதல் சூட்டுக்குள் வைத்துவிட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் பாண்.

இனி 2022 சித்திரை. அந்தக் காலை ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிற்பாட்டினார்கள். காஸ் இல்லை. ஓவன் குசினி மூலையில் சும்மா கிடந்தது. விடிய நாலரைக்கு அம்மா எழும்பி, தட்டுத்தடுமாறி, எங்கிருந்தோ ஒரு ஜாம்போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையக் கொஞ்சம் மண்ணெண்ணெய், கம்பியில் திரி. யுத்தத்தில் கரண்டே இல்லாமல் இருந்த அந்த வருடங்களில் நீங்கள் படித்த அதே விளக்கு. கை மறக்கவில்லை. ஏற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஓவன் இல்லாட்டி என்ன, சருவச்சட்டி இருக்கெல்லோ" என்றார்.

பெரிய அலுமினியச் சருவச்சட்டியில் இரண்டு விரல் தடிப்புக்கு மணல் போட்டோம். மணலுக்கு மேல் மூன்று கல். விறகடுப்பில் வைத்து மணல் சுடும்வரை விட்டோம். நான் மாவைக் குழைத்து, கிண்ணத்தட்டில் வட்டமாக வைத்து, கத்தியால் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கீறினேன். கீறினால்தான் நடு வேகும். தட்டைக் கல்லின்மேல் இறக்கி, தகரத்தால் மூடி, மூடியின்மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டேன். கீழே நெருப்பு, மேலே நெருப்பு. பேக்கரிப் போறணைக்குப் பதிலாக எங்களுக்கு ஒரு சட்டி. அம்மா பலகைக்கட்டையில் இருந்துகொண்டு தணலைத் தடியால் ஒதுக்கி ஒதுக்கி விட்டார். நெருப்பு வெளிச்சத்தில் அம்மாவின் முகம் வியர்த்திருந்தது. சந்தோசமாக இருந்தார், அக்கா. வருத்தம் வந்தபிறகு அப்படி ஒரு வேலையில் மூழ்கி இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

ஐம்பது நிமிடம் போயிருக்கும். நான் மூடியைத் திறந்து, துவாயால் பிடித்து வெளியே எடுத்தேன். மேலே கறுப்பும் மண்ணிறமும் கலந்து வெடித்திருந்தது. "குடு இங்கை" என்று அம்மா வாங்கி, கவிழ்த்து, விரல் மொளியால் அடியில் தட்டினார். காதைக் கிட்டக் கொண்டுபோனார். திரும்பவும் தட்டினார். டொக், டொக். "சத்தம் வந்திட்டுது" என்றார். வெந்த பாண் அடியில் தட்டினால் வெற்றுப் பெட்டிபோலக் கேட்கும், வேகாதது தட்டினாலும் சத்தம் எழும்பாது. அது எனக்குத் தெரியாது. அம்மாதான் சொல்லித் தந்தார்.

ஆறவிட்டு வெட்டவேண்டும். அம்மாவுக்குப் பொறுமை இல்லை. ஓரத் துண்டு ஒன்றை முறித்து, தடித்த கரையோடு வாயில் வைத்துக் கடித்தார். அந்த நேரம் பார்த்து உங்கள் போன். இங்கே காலை ஆறு, அங்கே இரவு எட்டரை.

"சாப்பிட்டீங்களோ அம்மா?"

"ஓம் பிள்ளை, குரக்கன் புட்டு."

"என்ன அங்கை மொறுக் மொறுக் எண்டு கேக்குது?"

"அது தம்பி சிரட்டை உடைக்கிறான். காஸ் இல்லையெல்லோ."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எண்பதுக்குக் கிட்ட வயது. வாய் நிறையப் பாண். நான் போனை வாங்கி "ஓம் அக்கா, சிரட்டைதான்" என்றேன்.

இதைச் சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. அன்றைய பொய் அம்மாவுடையது. பிறகு வந்தது என்னுடையது. அன்று பகல் சீனி பார்க்கிற மீற்றரில் 212 காட்டியது, நான் உங்களுக்கு 182 என்று போட்டேன். அதற்குப் பிறகும் சில தடவை குறைத்துப் போட்டிருக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது. கிளினிக் கொப்பியில் மட்டும் ஒருநாளும் மாற்றி எழுதவில்லை, டொக்டர் பார்த்தது முழுவதும் உண்மை எண்தான். கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம். ஆனாலும் உங்களுக்குப் பொய் எண் அனுப்பினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றிலும் நீங்கள் சொன்னதே சரி. ஆட்டா மா என்றால் சீனி ஏறாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா போனபிறகுதான் தேடி வாசித்தேன். குளுக்கோசை 100 என்று வைத்தால் வெள்ளைப் பாண் 75, முழுக்கோதுமைப் பாண் 74 என்றுதான் சர்வதேசப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். தவிடு இருந்தாலும், மாவாக அரைத்தபிறகு மாச்சத்து உடம்பில் ஏறத்தாழ அதே வேகத்தில் சீனியாகிவிடுகிறது. நார்ச்சத்தும் முளைச் சத்தும் கூட இருப்பது உண்மை, ஆனால் நான் நினைத்த பாதுகாப்பு அதில் இல்லை. முன்பே தெரிந்திருந்தால் துண்டைக் குறைத்திருப்பேன். நிற்பாட்டியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

ஏனென்றால் நீங்கள் கேட்டது எண் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் எண். "இண்டைக்கு எவ்வளவு?" மீற்றர் அனுப்பினீர்கள், ஊசியும் சோதனைத் தாளும் முடியமுதல் அடுத்த பெட்டி வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் ஒரு நாளாவது, அம்மாவுக்கு வாய்க்கு என்ன பிடிக்குது என்று கேட்டீர்களா? கால் கழுவி விட்டவன் நான், ராத்திரி மூன்று தடவை எழும்பினவன் நான். அந்தியேட்டிக்கு வந்து பன்னிரண்டு நாள் நின்று, எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போனீர்கள். அந்தப் பெயர் இப்போதும் இந்த ஒழுங்கைக்குள் இருக்கிறது.

சரி. இவ்வளவையும் எழுதிவிட்டு நேற்றுப் பின்னேரம் மூடி வைத்திருந்தேன். இரவு படுத்திருக்கும்போது சாவகச்சேரி ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30, நாவற்குழிப் பாலம், மழை, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு நினைவில் நிற்பது அதற்குப் பிந்திய ஒரு நாள். பள்ளிக்கூட வகுப்பறை, எனக்குக் காய்ச்சல். அம்மா வரிசையில் நின்று ஒரு இறாத்தல் பாண் கொண்டு வந்தார். பிய்த்துக் கொடுத்த பங்கில் உங்களுடையதை நீங்கள் சாப்பிடவில்லை. கரையை நீக்கி, நடுவை வெறும் தேத்தண்ணியில் தோய்த்து எனக்குத் தீத்தினீர்கள். வாய் திற, வாய் திற என்றீர்கள். கரையை மட்டும் கடைசியில் நீங்கள் சாப்பிட்டீர்கள். மொறுக்கென்று கேட்டது.

அப்படிப்பட்ட நீங்கள், அன்று போனில் கேட்டது சிரட்டை என்று உண்மையிலேயே நம்பினீர்களா? இதைத்தான் எனக்குத் தெரியவேண்டும்.

இன்னொரு விஷயம். செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு, உங்கள் நடுச்சாமத்தில் இன்னொரு வரி போட்டுவிட்டு அழித்தீர்கள். இங்கே பகல், நான் போனைக் கையில் வைத்திருந்தேன். அழிக்கமுதல் வாசித்துவிட்டேன். "எப்பிடிச் செய்யிறனி அதை?" என்று இருந்தது.

ஆட்டா மா ஒரு இறாத்தல், 450 கிராம். உப்பு ஒரு தேக்கரண்டி. அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, தலை தட்டி. சோடாவைக் கட்டியில்லாமல் மாவோடு சேர்த்து இரண்டு தரம் அரிதட்டில் அரியுங்கள், கட்டி நின்றால் அந்த இடம் மஞ்சளாகி வாயில் சவர்க்காரம்போல இருக்கும். அரிதட்டில் மிஞ்சும் தவிட்டைக் கொட்டாதீர்கள், திரும்ப மாவுக்குள்ளேயே போடுங்கள். தயிரை அடித்துத் தண்ணீர் விட்ட புளித்த மோர் 400 மில்லி. அங்கத்தைய மா எங்கள் ஆட்டாபோல அவ்வளவு தண்ணீர் குடிக்காது, 350 விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மிச்சத்தை விடலாம். கையால் ஒரு நிமிடம், சேரும்வரைதான். அதற்குமேல் பிசைந்தால் இறுகிவிடும். ஓவனை முதலே சூடாக்கி வையுங்கள், உங்கள் ஓவனில் 400 பாகை பரனைட், 45 நிமிடம். மேலே கீற மறக்கவேண்டாம். கடையில் வாங்கும்போது பையைப் பாருங்கள், கனடாவில் 'ஹோல் வீற்' என்று போட்ட மாவில் மணியின் 5 வீதம் வரை நீக்கச் சட்டம் விடுகிறது, அதில் பெரும்பாலும் முளைதான் போகும். 'ஹோல் கிரெயின்' என்று போட்டதை வாங்குங்கள்.

அத்தானுக்கும் இப்போது சீனி என்று மாமி சொன்னார். அவருக்கு மெல்லிய துண்டு ஒன்று, வெறும் பாணாக இல்லாமல் பருப்போடு, கீரையோடு.

நான் இனி வியாழனும் ஞாயிறும் எட்டுப் பாண் சுடப்போகிறேன். ஒழுங்கைக்குள் நான்கு வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்கள். குசினிக்குப் பின்னால், அம்மாவின் பலகைக்கட்டை கிடந்த இடத்தில், களிமண்ணும் செங்கல்லும் வைத்து ஒரு சின்னப் போறணை கட்டத் தொடங்கிவிட்டேன். உங்களிடம் கேட்டுவிட்டுக் கட்டியிருக்கவேண்டும். கேட்கவில்லை.

முதல் தடவை சுட்டதும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் போனை எடுத்துப் பாணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள், இங்கே எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் கேட்டுச் சொல்கிறேன்.

தம்பி