ராஜிக்கு, எரிக்கைப் பற்றி

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அதுவே பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே நாலு நாளாக மழை. முருங்கை மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. மற்றபடி எல்லோரும் நலம்.

உன் தங்கை மகளுக்கு பிரீஸ்ட்லியின் ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகம் பாடமாக வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். "காலேஜில் எரிக்குக்காக அப்படி மல்லுக்கு நின்றாயே, இன்றைக்கும் அதே கட்சிதானா?" என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். அதற்காகவே பரணில் கிடந்த பெட்டியை இறக்கி, பழைய புத்தகத்தை எடுத்து, மூன்று அங்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். ஈவா ஸ்மித் என்ற ஏழைப் பெண் இறந்ததை விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் முதலாளி பிர்லிங் வீட்டுக்கு வருகிற கதைதானே, எரிக் அந்த வீட்டுப் பிள்ளை. சரி, பதில் சொல்கிறேன். கட்சி மாறிவிட்டேன் ராஜி. ஆனால் அவனை அடியோடு வெறுத்தாயே, அந்தப் பக்கத்துக்கும் வரவில்லை.

அன்று எனக்கு அவன்மேல் ஏன் அவ்வளவு அபிமானம் என்று நினைத்துப் பார்த்தேன். எல்லாம் முதல் அங்கத்தில் அவன் அப்பாவிடம் கேட்கிற அந்தக் கேள்வியால்தான். நாம் மட்டும் சரக்கை எவ்வளவு அதிக விலைக்கு விற்கலாம் என்று பார்க்கிறோமே, வேலை செய்கிறவர்கள் கூலி அதிகம் கேட்டால் என்ன தப்பு? முதலாளி வீட்டுப் பிள்ளை வாயிலிருந்து இது வந்ததும் நான் சொக்கிப்போனேன். இப்போது படிக்கும்போது, அதைக் கேட்கிற நேரத்துக்குள் அவன் என்னவெல்லாம் செய்து முடித்துவிட்டான் என்பதுதான் கண்முன் நிற்கிறது.

நவம்பர் மாதத்து இரவு ஒன்று. பாரில் பார்த்த ஈவாவோடு, அவள் தங்கியிருக்கிற இடம் வரை போகிறான். உள்ளே வராதே என்கிறாள். கலாட்டா பண்ணுவேன் என்று மிரட்டி உள்ளே நுழைகிறான். குடிவெறியில் அவனுக்கே எதுவும் தெளிவாக நினைவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதுகூட, பிறகு அவளே சொல்லித்தான் தெரிகிறது. இதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லும்போது அவன் பேச்சைக் கவனி. அந்த மாதிரி நிலையில் ஒருத்தன் சுலபமாக மோசமாகிவிடுவான் என்கிறான். நான் மோசமாக நடந்தேன் என்று சொல்ல நா எழவில்லை, யாரோ ‘ஒருத்தன்’ ஆகிவிடுகிறான். இந்தப் பக்கத்தை நாம் எப்படித் தாண்டிப் போனோம்? எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ ஒருத்திதான் அன்றைக்கே இதைச் சொன்னாய். நான்தான் உன்னைப் பேசவிடவில்லை.

அப்புறம் அந்த ஐம்பது பவுண்டு. அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும் உதவத்தான் பார்க்கிறான், பொய்யில்லை. ஆனால் அப்பாவின் ஆபீசுக்கு வரவேண்டிய சின்னச் சின்னப் பாக்கிகளை வசூலித்து, ரசீது கொடுத்துவிட்டு, பணத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுக்கிறான். புத்தக ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டேன். ஈவா ஸ்மித்தும் கூட இருந்த பெண்களும் வாரம் இருபத்திரண்டரை ஷில்லிங் கூலியை இருபத்தைந்து ஆக்கக் கேட்டதற்குத்தானே மூத்த பிர்லிங் அவளை வேலையைவிட்டு அனுப்பினார்? கேட்டது வாரத்துக்கு இரண்டரை ஷில்லிங். மகன் எடுத்தது, பவுண்டுக்கு இருபது ஷில்லிங் என்று, ஆயிரம் ஷில்லிங். அவள் ஒருத்திக்கு 400 வாரம் அந்த உயர்வைக் கொடுத்திருக்கலாம், ஏழரை வருஷத்துக்கும் மேலே. அந்த வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. திருட்டுப் பணம் என்று தெரிந்ததும், கையில் காசில்லாத, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற அந்தப் பெண் இனி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். தன்மேல் காதல் இல்லாதவனைக் கட்டிக்கொள்ளவும் அவள் சம்மதிக்கவில்லை.

ஒரு மேடைக் குறிப்பை உனக்குக் காட்ட வேண்டும். மூன்றாம் அங்கம். இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்ததும் எரிக் விஸ்கி ஊற்றிக்கொள்கிறான். குடுவையை எடுக்கிற விதத்திலேயே, வேகவேகமாகக் குடித்துப் பழகிய கை என்று தெரிய வேண்டும், மற்றவர்கள் அவனையே உற்றுப் பார்க்க வேண்டும் என்று பிரீஸ்ட்லி எழுதியிருக்கிறார். ஒரே மேசையில் தினமும் சாப்பிடுகிறவர்கள், ராஜி. அன்றைக்குத்தான் அந்தக் கையைப் பார்க்கிறார்கள். சற்று முன்புதான் அவன் அம்மா, என் பையன் குடிக்கிறவன் இல்லையே என்றிருக்கிறாள். கூடப்பிறந்த ஷீலாவுக்கு எப்போதோ தெரியும்.

இருபது வயதில் நான் அந்த அம்மாளை வெறும் ராட்சசியாகத்தான் பார்த்தேன். இப்போது எனக்கும் இருபத்துமூன்று வயதில் ஒரு பையன். இரண்டாம் அங்கத்தின் கடைசியில், இதற்குக் காரணமான அந்தப் பையனைப் பிடியுங்கள், எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வையுங்கள் என்று அவள் அடித்துப் பேசுகிறாள். ஷீலா, அம்மா போதும், நிறுத்து என்று கெஞ்சுகிறாள். அப்போது வாசல் கதவு சாத்துகிற சத்தம். வெளுத்த முகத்தோடு எரிக் உள்ளே வருகிறான். படித்துக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இந்தச் சிக்கலில் மாட்டியபோது என்னிடம் ஏன் வரவில்லை என்று அப்பா கேட்கிறார். கஷ்டம் வந்தால் பிள்ளை தேடிப் போகிற மாதிரி அப்பா இல்லை நீங்கள் என்கிறான். அன்று நான் இந்த வரிக்காகவே அவனை மன்னித்தேன். உன்னிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன், நினைவிருக்கிறதா? இப்போதும் அது உண்மை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் முதல் அங்கத்தில் இன்ஸ்பெக்டர் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார்: ஈவாவுக்கு அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லை. இவனுக்குப் போக மனசில்லாத அப்பா. அவளுக்குப் போக யாருமே கிடையாது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து அன்று அவனுக்காக அழுதேனே என்று இருக்கிறது.

அப்படியும் அவனை என்னால் முழுக்க விட முடியவில்லை. அதற்குக் காரணம் கடைசிப் பகுதி. வந்தவர் போலீஸே இல்லை, ஆஸ்பத்திரியில் அப்படி எந்தப் பெண்ணும் இறக்கவில்லை என்று தெரிந்ததும் பெரியவர்களுக்கு உயிர் திரும்பிவிடுகிறது. ஷீலாவுக்கு நிச்சயமான ஜெரால்டும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறான். எரிக்குக்கும் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது. அவன் போகவில்லை. வந்தவர் யாராக இருந்தால் என்ன, நான் செய்தது செய்ததுதான் என்று நிற்கிறான். முன்னே ‘ஒருத்தன்’ என்று நழுவியவன், இங்கே ‘நான்’ என்கிறான். அதற்காக அவன் செய்தது குறைந்துவிடாது. ஆனாலும் நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கதை நடப்பது 1912ல். அப்போது பிரீஸ்ட்லிக்குப் பதினேழு வயது, பிராட்ஃபோர்டில் ஒரு கம்பளிக் கம்பெனியில் குமாஸ்தா. நாடகம் மேடையேறியது 1945ல்தான், அதுவும் முதலில் சோவியத் யூனியனில். நடுவில் இரண்டு உலகப் போர்கள். எரிக் வயதுப் பையன்கள் இரண்டே வருஷத்தில் போர்முனைக்குப் போகப் போகிறார்கள் என்பது பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உன் தங்கை மகளிடம் இதையும் சொல்.

நேற்று ராத்திரி பையன் புனேயிலிருந்து போன் பண்ணினான். குரல் ஒரு மாதிரி இருந்தது. என்னடா என்றேன். ஒன்றுமில்லை, தூக்கம் வருகிறது என்றான். வழக்கமாக அதோடு வைத்துவிடுவேன். நேற்று, சரி, தூக்கம் வரும் வரை பேசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தான். மீதியை நேரில் சொல்கிறேன். பங்குனிக்கு வருகிறாய் அல்லவா?

அன்புடன்,
கோமதி