எட்டாம் வகுப்பு வலைப்பூவும் நீயும்

பாப்பா,

உன் வகுப்புப் பிள்ளைகளின் வலைப்பூவைத் தினமும் திறந்து பார்க்கிறேன், பொங்கலுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி.

கடைசியாக வந்த ஆட்டுக்குட்டிக் கட்டுரை அருமை. முதலில் அந்தப் பையன் எழுதியது நாலே வரி. கீழே ஒரு பெண் ‘குட்டி எப்படி எழுந்து நின்னுச்சு?’ என்று கேட்டதும், முன்னங்காலை மடித்து மண்டி போட்டு, ரெண்டு தரம் சாய்ந்து, அப்புறம் எழுந்த கதையை அரைப்பக்கத்துக்கு எழுதிவிட்டான். நான் சிவப்பு மையில் ‘விரிவாக எழுதுக’ என்று போட்டு எவன் எழுதினான்? ஆனால் ல, ள, ழ எல்லாம் குழம்பிக் கிடப்பதை அப்படியே விட்டிருக்கிறாயே, வாத்தியார் மகள் லட்சணமா இது?

பின்னூட்டத்தை நீ படித்துவிட்டே வெளியே விடு. பிள்ளைகளின் போட்டோ, முழுப்பெயர் வேண்டாம். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், கையெழுத்து வாங்கி வை. 2012-இல் ஸ்காட்லாந்தில் மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுப் பெண் பள்ளிச் சாப்பாட்டைப் படமெடுத்து வலைப்பூவில் மதிப்பெண் போட்டாள். அங்கத்திய கவுன்சில் படமெடுக்கத் தடை போட்டது, ஊர் உலகமே கேள்வி கேட்டதும் தடையை எடுத்தது. உன் பிள்ளைகள் சத்துணவைப் பற்றி எழுதினால் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. பின்னூட்டத்தைப் படித்துவிட்டே விடு.

இன்னொன்று. பதிவுகளில் மதியம் 12:40 என்றிருக்கும், சாப்பாட்டு இடைவேளையில் போடுகிறாய் என்றிருந்தேன். நேர அமைப்பு அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் கிடக்கிறது. பதின்மூன்றரை மணி நேரம் கூட்டினால் நமக்கு ராத்திரி 2:10. மார்கழி முழுக்க அப்படித்தான். அமைப்பில் இந்திய நேரத்துக்கு மாற்று. அந்த நேரத்தில் வீட்டில் லைட் எரிந்தால் மாப்பிள்ளை ஒன்றும் சொல்வதில்லையா? அவர் பெங்களூரிலிருந்து எல்லா வாரமும் வருகிறார்தானே? அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

உன்னைப் போல வகுப்பு நடத்த எங்கள் காலத்தில் ஆள் இல்லை, அதை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். நீதான் போன் எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறி வருகிறேன். அந்த ஒற்றெழுத்துப் பயிற்சி நோட்டு பரணில் கிடந்தது, கொண்டு வருகிறேன். மாப்பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் கூடத்தில் படுத்துக்கொள்வேன், தனியாக ஒன்றும் செய்யவேண்டாம்.

அப்பா