ஐஸ்கிரீம் அறையில் தீ

அன்புள்ள சேகர்,

இத்தனை நாள் கடிதம் போடாததற்குத் திட்டுவாய்; திட்டிவிட்டுப் படி. வீட்டில் எல்லோரும் நலம். கோபாலுக்குப் பெண் முடிவாகிவிட்டது. ஹாஸ்டல் ஆட்டு விவகாரத்தை அந்த வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். டிவி பெட்டிகளுக்கு நாங்கள் செய்யும் தெர்மாகோல் மூலைகள் லாரிக் குலுக்கலில் நொறுங்குகின்றன. அதனால் பாலிஸ்டைரீனும் (தெர்மாகோலின் பிளாஸ்டிக்) பாலிஎத்திலீனும் (பிளாஸ்டிக் பைகளில் இருப்பது) சேர்ந்த சின்னப் பிளாஸ்டிக் மணிகளை வரவழைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத ஜாதி என்று பரீட்சைக்கு முந்தைய இரவு நீதான் எனக்குப் புகட்டினாய். ஆனால் இதில் பாலிஎத்திலீன் மணிக்குள்ளேயே பாலிஸ்டைரீனின் மூலப்பொருளான ஸ்டைரீனை ஊறவிட்டு, நீளச் சங்கிலியாகக் கோத்துப் பாலிமராக்குகிறார்கள். அதில் கொஞ்சம் பாலிஎத்திலீன் சங்கிலியிலேயே கிளைவிட்டு, இரண்டையும் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. வார்த்த மூலையைத் தரையில் அடித்தேன், ஏறி மிதித்தேன். நசுங்கியதே தவிர உடையவில்லை! அன்று முழுக்கக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் மிதிக்கச் சொன்னேன்.

வில்லங்கம் பென்டேனில் இருக்கிறது. நீராவி பட்டதும் மணியைப் பொங்கவைக்க அதற்குள் ஊறவைத்திருக்கும், எளிதில் தீப்பற்றும் திரவம் அது. சாதாரண மணியில் கண்ணாடி போல் இறுகிய பாலிஸ்டைரீன் அதை மாதக்கணக்கில் அடக்கிவைக்கும். பாலிஎத்திலீனோ கசியவிடும். 36 டிகிரியில் கொதிக்கிற திரவம், நம் ஊர்ச் சித்திரை வெயில், கேட்க வேண்டுமா? வாயு போன மணி நீராவியில் பொங்காது. ஆகவே குளிரில் வைத்தாக வேண்டும்.

முதலாளி உடனே பக்கத்துத் தெருவில் மூடிக்கிடக்கும் ஐஸ்கிரீம் கிடங்கைப் பேசி முடித்துவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, சேகர். பென்டேன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படியும். காற்றில் ஒன்றரை சதவீதம் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். அங்கே இருப்பதெல்லாம் பழைய மோட்டாரும் சாதாரண சுவிட்சும்தான். காற்று வெளியேற வழி கிடையாது. இரவில் மூட்டை எடுக்கப் போகிறவர்கள் சின்னப் பையன்கள். சொன்னால், "ஐஸ்கிரீம் அறையில் எப்படியப்பா தீப்பிடிக்கும்?" என்று சிரிக்கிறார்.

எத்திலீன் சிறிது சேர்ந்த பாலிபுரொப்பிலீன் கோபாலிமர் மணிக்கு மாறலாம். அது பொங்கிய நிலையிலேயே வரும், பென்டேன் பயமில்லை. ஆனால் காற்றுக்கு லாரி வாடகை கொடுக்க வேண்டும். வார்க்கும் நீராவிக்கு மூன்று பார் அழுத்தமாவது வேண்டும். எங்கள் அச்சுகள் அதைத் தாங்கா.

ஹெல்மெட் கம்பெனி மேனேஜர் என்பதால் உன் பேச்சுக்கு முதலாளியிடம் மதிப்பு உண்டு (ஏனென்று எனக்கு இதுவரை புரியவில்லை). ஞாயிற்றுக்கிழமை போன் செய். பொறி எழாத மின்சாதனங்கள், தரையோரமாகக் காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறி, வாயுக் கசிவைக் காட்டும் கருவி, இவை வருவதற்கு முன் ஒரு மூட்டைகூட உள்ளே போகக் கூடாது என்று கறாராகச் சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. கோபால் கல்யாணத்துக்கு ரயில் டிக்கெட்டையும் இப்போதே எடுத்துவிடு. போன தடவை போலப் பந்தி முடிந்தபின் வந்து நிற்காதே.

அன்புடன்,
ரவி