வைக்கோல் தூசியும் மாலைக் காய்ச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாய வேலையின் ஆபத்துகள் என்றதும் பூச்சிமருந்தும் பாம்புக்கடியும் இயந்திரத்தில் சிக்கும் கையும் நினைவுக்கு வருகிற அளவுக்கு, வேலை செய்பவர் நாள் முழுவதும் உள்ளிழுக்கும் தூசி நினைவுக்கு வருவதில்லை.

சரியாகக் காயாமல் போர் போட்ட வைக்கோலைப் பிரித்தவர்களுக்குத் தெரியும்: மேலே நன்றாகத்தான் இருக்கும், உள்ளே கையை விட்டால் சூடு தெரியும், உதறினால் வெண்சாம்பல் போன்ற பொடி புகையாய்க் கிளம்பும். அது வெறும் மண் அல்ல. ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் பெருகும் பூசண வித்துகளும் ஆக்டினோமைசீட்ஸ் என்னும் நுண்ணுயிர்களும் அதில் நிறைந்திருக்கின்றன. அவற்றில் 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடுகின்றன.

என் தந்தையார் அப்படியொரு போரைப் பிரித்த அன்று மாலை குளிரும் காய்ச்சலும் வறட்டு இருமலுமாகப் படுத்தார். இரண்டாம் நாள் எழுந்துவிட்டார். சளிக்காய்ச்சல் என்றே நினைத்தோம். அதே போரில் மறுபடி கைவைத்தபோது மறுபடியும் காய்ச்சல் வந்தது. பல முறை மருத்துவரிடம் போயும் மாத்திரைகள் கிடைத்தனவே தவிர, என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வரப்பில் பாதி தூரம் நடப்பதற்குள் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் நிலைக்கு அவர் வந்த பிறகே, நுரையீரலில் தழும்பு விழுந்திருப்பது தெரிந்தது. அந்தத் தழும்பு ஆறுவதில்லை.

உழவர் நுரையீரல் நோய் என்று சொல்லப்படும் இந்த ஒவ்வாமை, தூசியை உள்ளிழுத்த உடனே அல்லாமல் 4 முதல் 8 மணி நேரம் கழித்துத் தலைகாட்டுவதால், காலையில் செய்த வேலையையும் மாலையில் வந்த காய்ச்சலையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1700-இல் வெளியான தொழில்நோய்கள் பற்றிய நூலில், தானியம் சலிப்பவர்களின் மூச்சுத்திணறலைப் பதிவு செய்ததோடு, நோயாளியிடம் அவருடைய தொழிலையும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி நம் மருத்துவரின் மேசையில் எழாமல் இருப்பது எனக்குப் பெரும் வேதனை. ஆஸ்துமாவும் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் இதே தூசியால் வரக்கூடியவை. கோழிப் பண்ணையிலும் பன்றிக் கொட்டிலிலும் வேலை செய்பவர்களுக்கு அம்மோனியா வாயுவும் சேர்ந்துகொள்கிறது.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது நம்மிடையே உள்ள பழக்கம். துண்டு உமியையும் சுணையையும் ஓரளவு தடுக்கும். பூசண வித்து அதன் இழைகளுக்கு நடுவே எளிதாக நுழைந்துவிடும். முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் தேவை; தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது. அதற்கும் முந்தைய காப்பு, வைக்கோலையும் தானியத்தையும் நன்கு காயவைத்தே அடுக்குவதும், பூசணம் பிடித்ததை மூடிய கொட்டகைக்குள் உதறாமல் இருப்பதும்தான். ஒருமுறை இந்நோய் வந்தவர், கவசம் அணிந்தாலும், அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

கதிரடிக்கும் கூலியாட்களுக்கு முகக்கவசம் வாங்கித் தருவதை வேலை கொடுப்பவர்கள் செலவாகக் கருதாமல் கடமையாகக் கொள்ள வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும், காய்ச்சலோடு செல்பவர் அன்று காலை எந்தப் போரைப் பிரித்தோம், எந்தக் களத்தில் நின்றோம் என்பதைத் தாமே சொல்லிவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயியின் மகன்