உறுதிமொழி எடுத்த நாளோடு உயிரிழக்கும் கடவுச்சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழிக் கச்சேரி, பொங்கல், தை மாதத்துத் திருமணங்கள் என்று வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் ஊர் திரும்பும் நாள்கள் நெருங்கி வருகின்றன. அவர்களில் சிலருடைய கைப்பையில் இரண்டு நாடுகளின் கடவுச்சீட்டுகள் இருக்கும். ஊருக்கு வருவதற்கு ஒன்று, திரும்பிப் போவதற்கு ஒன்று என்று அவர்கள் கள்ளமில்லாமல் எடுத்து வைத்திருப்பார்கள். அது எவ்வளவு பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பதை எங்கள் குடும்பம் ஒரு துக்கத்தின் நடுவே தெரிந்துகொண்டது. மற்றக் குடும்பங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகன் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் வேலை பார்ப்பவர். அங்கே அவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்ட மூன்றாவது வாரத்தில், இங்கே அவருடைய தந்தையார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையானார். அலைந்து திரிந்து அவசரமாக அமெரிக்கக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்ட மருமகன், இந்திய விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை. அவரிடம் இருந்த இந்தியக் கடவுச்சீட்டுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் காலம் இருந்ததுதான் காரணம். அதைக் காட்டி விமானம் ஏறி, அதைக் காட்டியே சென்னையில் இறங்கினார். தந்தையின் கடைசி இரண்டு நாள்கள் அவருக்குக் கிடைத்தன. பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பும்போதுதான், விமான நிலையக் குடியேற்றப் பிரிவில் அதிகாரி ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்: அமெரிக்க விசா எங்கே, அல்லது கிரீன் கார்டு எங்கே?

கிரீன் கார்டை உறுதிமொழி நிகழ்ச்சியின்போதே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. வேறு வழியின்றி அமெரிக்கக் கடவுச்சீட்டை எடுத்து நீட்டினார். அதில் இந்திய விசாவும் இல்லை, இந்தியாவுக்குள் வந்ததற்கான முத்திரையும் இல்லை. அந்த நொடியில் அவர், உரிய அனுமதியின்றி நாட்டுக்குள் இருக்கும் ஒரு வெளிநாட்டவராகக் கணக்கில் கொள்ளப்பட்டார். விமானம் போய்விட்டது. அபராதம் கட்டி, வெளியேறுவதற்கான அனுமதி வாங்கி, அவர் புறப்பட்டுச் செல்ல மேலும் பல நாள்கள் ஆயின. கணவரைப் பறிகொடுத்த என் தங்கை, மகனையும் சிறையில் போட்டுவிடுவார்களோ என்று அந்த நாள்களில் தூங்கவே இல்லை. அதிகாரிகளை நான் குறை கூறவில்லை. அவர்கள் சட்டப்படியே நடந்துகொண்டார்கள், மரியாதையாகவும் நடத்தினார்கள். தவறு எங்களுடையது. ஆனால் அது தெரிந்து செய்த தவறு அல்ல.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தானே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் இந்தியர், அந்தக் கணமே இந்தியக் குடிமகன் என்ற நிலையை இழந்துவிடுகிறார் என்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. இதற்கு இந்திய அரசு தனியாக ஆணை எதுவும் பிறப்பிக்க வேண்டியதில்லை. கடிதம் வராது, எச்சரிக்கை வராது. அயல்நாட்டுக் கடவுச்சீட்டைப் பெற்றிருப்பதே அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதற்கு முடிவான சான்று என்று குடியுரிமை விதிகள் கூறுகின்றன. பாகிஸ்தான் கடவுச்சீட்டோடு வந்தவர்கள் தொடுத்த வழக்குகளில் 1962ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அத்தகைய விதியைச் செல்லும் என்று ஏற்றுவிட்டது. ஆகவே கடவுச்சீட்டின் மேல் அச்சிடப்பட்டுள்ள காலாவதித் தேதிக்கும் குடியுரிமை முடியும் தேதிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நான்கு ஆண்டுகள் பாக்கி இருந்ததாக என் மருமகன் நம்பிய அந்தக் கடவுச்சீட்டு, அவர் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொன்ன நாளிலேயே செல்லாததாகிவிட்டது. குடியுரிமை மாறியதை மறைத்து, இந்தியக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள்வோரின் நிலை இன்னும் கடுமையானது. 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் அதற்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும், பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

இவ்வளவு தெளிவான சட்டம் படித்தவர்களுக்கே ஏன் தெரியாமல் போகிறது என்பதை நான் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். முதல் காரணம், குடியுரிமை வழங்கும் நாடுகளின் போக்கு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பழைய குடியுரிமையை விட்டதற்கான சான்றிதழைக் கொண்டு வா என்று கேட்பதில்லை. அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்காவுக்குள் வரவும் வெளியேறவும் அந்நாட்டுக் கடவுச்சீட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது மட்டுமே அங்குள்ள கட்டாயம். ஜெர்மனி அண்மைக் காலம் வரை பழைய குடியுரிமையைத் துறக்கச் சொன்ன நாடு. 2024 ஜூன் 27 முதல் அந்த நிபந்தனையை அது நீக்கிவிட்டது. அங்கிருக்கும் நம் பிள்ளைகள், இனி இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று மகிழ்வதைக் கேட்கிறேன். ஜெர்மனி தன் கதவைத் திறந்தது உண்மைதான்; இந்தியாவின் 9ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. கனடாவிலும் பிரிட்டனிலும் பக்கத்து வீட்டு ஈழத்தமிழர், தம்மிடம் இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டும் இருப்பதாகச் சொல்லும்போது நம்மவர்களுக்குக் குழப்பம் கூடுகிறது. இலங்கை, முறைப்படி விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை தருகிறது. இந்தியாவில் விண்ணப்பிப்பதற்கே வழி கிடையாது.

இரண்டாவது காரணம் ஒரு பெயர். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு 2006 ஜனவரியில் ஐதராபாத்தில் முதன்முதலாக வழங்கப்பட்ட ஓ.சி.ஐ. (Overseas Citizen of India – கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டையின் பெயரிலேயே ‘இந்தியக் குடிமகன்’ என்ற சொல் இருக்கிறது. அதை வைத்திருப்பதே இரட்டைக் குடியுரிமை என்று எங்கள் தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் ஒரு விசா ஏற்பாடே. அதைக் கொண்டு வாக்களிக்க முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. விளைநிலம் விலைக்கு வாங்க முடியாது.

பிள்ளைகள் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க மண்ணில் பிறந்ததால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்த குழந்தையை, பெற்றோர் இந்தியர்களாக இருந்தால், ஓராண்டுக்குள் நம் தூதரகத்தில் பதிவு செய்து இந்தியக் குடிமகனாக்கலாம். ஆனால் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு அக்குழந்தைக்கு இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். இரு குடியுரிமைகளோடு வளரும் அப்பிள்ளை பதினெட்டு வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாட்டி வீட்டுக்கு அழைத்துவர வசதியாக இருக்கட்டும் என்று ஒரு குழந்தைக்கு இரண்டு கடவுச்சீட்டுகள் எடுத்து வைப்பது, அந்தக் குழந்தையின் பெயரில் ஒரு பொய்யை எழுதி வைப்பதாகும்.

இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்குத் தமிழ்நாட்டுத் தொடர்புள்ள ஒரு வழக்கே சாட்சி. 1998இல் பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார்கள். அப்போது தாயின் வயிற்றில் இருந்த குழந்தை 1999இல் அங்கே பிறந்தது. அப்பிள்ளை பதினெட்டு வயதானதும் இந்தியக் குடியுரிமையை மீண்டும் கோரினார். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெற்றோர் அறிவிப்புச் செய்து குடியுரிமையைத் துறந்திருந்தால்தான் பிள்ளை அதை மீட்டுக்கொள்ளும் உரிமை எழும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றபோது அவர்களுடைய இந்தியக் குடியுரிமை சட்டத்தின் இயக்கத்தாலேயே முடிந்துபோனது, ஆகவே அந்த உரிமை எழவில்லை என்பது தீர்ப்பின் சாரம். யாரும் கையெழுத்திடாமலே குடியுரிமை முடிந்துவிடும் என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்க வேண்டுமா என்பது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அந்த வாதத்தை நான் இங்கே தொடங்கவில்லை. இருக்கிற சட்டத்தை உரிய நேரத்தில் உரியவர்களிடம் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தூதரகங்களின் இணையதளங்களில் விதிகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர், தான் இன்னும் இந்தியர் என்றே நம்புவதால், அந்தப் பக்கத்தைத் தேடிப் போவதில்லை. அயல்நாட்டில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துத் தரும்போதே, “நீங்கள் வேறு குடியுரிமை பெற்றால் இது அன்றே செல்லாததாகும், இதை ஒப்படைத்துச் சான்றிதழ் பெறுங்கள்” என்று தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் ஒரு தாளை உடன் வைத்துக் கொடுக்க வெளியுறவு அமைச்சகத்தால் முடியாதா? தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் ஜனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. அந்த விழா அரங்கில் இதற்கென ஒரு விளக்க மேசையைப் போட்டால், அங்கு வரும் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

ஒப்படைப்பது என்றவுடன் பலருடைய மனம் கலங்குவதையும் நான் அறிவேன். தன் பழைய கடவுச்சீட்டைப் பற்றிப் பேசும்போது என் மருமகனின் குரல் தழுதழுத்தது; முதல் வேலைக்கு முதன்முதலாகக் கடல் கடந்து போனது அதை வைத்துத்தான். ரத்து முத்திரையிட்டு அதைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்பது தெரிந்த பிறகே அவருக்கு ஆறுதல் வந்தது.

உறுதிமொழிக்கும் ஓ.சி.ஐ. அட்டை கைக்கு வருவதற்கும் இடைப்பட்ட வாரங்கள்தான் ஆபத்தானவை. பெற்றோருக்கு உடல்நலக் குறைவு என்ற செய்தி அந்த வாரங்களில் வந்தால், கையிலிருக்கும் பழைய கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஓடவே எவருக்கும் தோன்றும். அப்படி ஓடிவிடாமல், புதிய கடவுச்சீட்டோடு நம் தூதரகத்தை அணுகினால், மரணம், கடும் நோய் போன்ற நேரங்களில் அவசர விசா வழங்கும் நடைமுறை இருக்கிறது. எங்களுக்கு அன்று அது தெரிந்திருக்கவில்லை. விடுமுறை நாள்களிலும் அந்தச் சேவை தடையின்றிக் கிடைக்கவும், அதற்கான தொலைபேசி எண்ணை ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு அனுப்பி வைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உங்கள் இதழின் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை.